அட்டைப்பெட்டி எப்படிப் பற்றியது?

1

அலாரம் அலறியது.

கதை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். காரணம், உண்மையிலேயே அலறியது. டிவி முதல் போன் வரை செய்யும் பெரிய நிறுவனம். வரவேற்பறையில் ‘பழைய போனைக் கொடுங்கள், பூமியைக் காப்போம்’ என்று ஒரு பெட்டி. அதிலிருந்து குபுகுபுவென்று புகை. பக்கத்திலேயே ‘புகையில்லா வளாகம்’ என்ற பலகை. (இது என் சரக்கு இல்லை. அங்கேயே இருந்தது.)

பெட்டியைச் செய்ய வைத்தது என் அக்கா. அங்கே சமூகப் பொறுப்புத் துறை மேலாளர். பூமி மேல் உள்ள பாசத்தில் மறுசுழற்சி அட்டையிலேயே செய்துவிட்டாள்.* பேட்டரி போடும் பெட்டி, அட்டையில்!

* இதற்குப் போன மாதம் பசுமை விருது கிடைத்தது. விருதும் அட்டைதான்.

2

ஐந்து மணிக்குள் அக்கா விசாரணை அறிக்கை கொடுக்க வேண்டும். பொறுப்பாளி என்று ஒருவரைக் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் வாசல் காவலாளிக்குச் சீட்டு கிழியும்.

“நீதான் கதையா எழுதித் தள்ளுறியே, இதையும் எழுதுடா” என்று என் வீட்டுக்கே வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டாள். நோட்டை எடுத்தேன். (மேலட்டையில் யானை ஸ்டிக்கர். என் மகள் ஒட்டாத பொருளே வீட்டில் இல்லை.)

முதல் வரைவு: ‘காவலாளியின் கவனக்குறைவால்...’

“பாவம்டா! மணல் வாளியோட ஓடிவந்து அணைச்சதே அவர்தான்.”

“அப்போ உன் அட்டைன்னு போடவா?”

“என் வேலைக்கு உலை வைக்கிறியா?”

எழுதிய வரியை அடித்துவிட்டேன்.

3

‘பேட்டரி உப்பிய போனைக் காவலாளி பெட்டியில் போட விடக் கூடாது என்பது விதி. வருகையாளர் ஒருவர் தாகம் என்றார். காவலாளி தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அந்த ஆள்...’

இந்த ஆள் கெட்டவனா? இல்லை. உப்பிய போனை வீட்டில் வைத்திருக்கப் பயந்தவன். மூக்குக் கண்ணாடி, கொஞ்சம் தொப்பை... வேண்டாம், அடையாளம் எதற்கு?

“யாருடா அது? காவலாளியைக் கேட்டா, ‘வேணாம் மேடம், விடுங்க’ன்னு தரையைப் பார்க்கறார்.”

“சும்மா கற்பனைதான்க்கா.”

4

முடிவு ஒன்று: காவலாளிக்குப் பாராட்டுப் பத்திரம். முடிவு இரண்டு: அவர் சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். முடிவு மூன்று: அந்த ஆள் தானே முன்வந்து...

வாசகர்களே, எது வேண்டுமோ நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வேறு தொடர் எழுத வேண்டியிருக்கிறது.

அக்கா கைப்பையிலிருந்து பாதி கருகிய போன் உறை ஒன்றை எடுத்து என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இதுல உன் பொண்ணோட யானை எப்படிடா வந்துச்சு?”