லைல் கை தூக்க வேண்டும்

எனக்கு அறுபத்தொன்பது வயது. இந்த வயதில் ஒருவனை இவ்வளவு கறுவிக்கொண்டு திரிவது உடம்புக்கு ஆகாது என்று என் மனைவி மார்லிஸ் சொல்கிறாள். எனக்கென்னவோ போன ஏப்ரலிலிருந்து என்னைக் காலையில் படுக்கையை விட்டு எழுப்பியதே அந்த வெறுப்புதான். அவன் பெயர் லைல் ஷ்டைன்கே.

எங்கள் ஊர் ஷபாய்கனில் அறுபதைத் தாண்டியவர்களுக்கென்று, பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் ஆட்டத்துக்கு ஒரு லீக் இருக்கிறது. ஆறு அணிகள். செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பதரைக்கு ஆட்டம். லைல் ஹார்பர் டாப் என்ற மதுக்கடை அணியின் தலைவன். அந்த அணிக்குப் பன்னிரண்டு வருடம் பந்து வீசியவன் நான், நார்பெர்ட் டேனே. என் சட்டை எண் பதினேழு. நான்கு கோப்பைகள் அந்தக் கடையின் அலமாரியில் நிற்கின்றன. நான்குக்கும் பந்து வீசியது இந்தக் கைதான்.

போன குளிர்காலத்தில் என் வலது முழங்காலைக் கழற்றிவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். வீசுவதற்கு அது போதும். ஓடுவதற்குப் போதாது. அதனால் என்ன? எங்கள் லீக்கில் பாதிப் பேருக்கு ஓட முடியாது. அடித்தவன் மைதானத்தின் மூன்று மூலைகளிலும் உள்ள பேஸ்களைத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால்தான் ஒரு ரன்; ஆனால் எங்கள் லீக்கில் அடித்துவிட்டு எப்படியாவது முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். கையைத் தூக்கி நடுவரிடம் "ரன்னர்" என்று சொன்னால், அணியில் கால் நன்றாக இருக்கிற ஒருவன் வந்து அவனுக்குப் பதிலாக ஓடுவான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் நானும் ஏப்ரல் வரை நினைத்திருந்தேன்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, ஹார்பர் டாப் கடையின் பின்னறையில், வறுத்த மீன் தட்டுகளோடு அணிக் கூட்டம். பதினைந்து பேர். லைல் எழுந்து நின்று புதுச் சட்டைகளைக் கொடுத்தான். பதினேழை எடுத்து, அதற்கு முந்தின வாரம்தான் அறுபது முடிந்த கென்னி ட்ரேகர் என்பவனிடம் நீட்டினான். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"லைல், அது என் சட்டைடா" என்றேன்.

"உனக்கு எதுக்கு நார்ப் சட்டை?" என்றான். "நீ அடிச்சிட்டு முதல் பேஸுக்கு வர்றதுக்குள்ள இந்த மீன் ஆறிப் போயிடும். அப்புறம் உனக்கு ஒருத்தன் ஓடணும். அரை ஆளுக்கு முழுச் சட்டையா?"

என்னைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். பன்னிரண்டு வருடம் கூட விளையாடியவர்கள். லைல் இன்னும் நிறுத்தவில்லை. "நான் இத்தனை வருஷத்துல ஒரு தடவை கை தூக்கியிருப்பேனா? கை தூக்கற அன்னிக்கு நானே வீட்டுல உக்காந்துக்குவேன்." நான் மீனைச் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அவனை ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. எல்லாரும் பார்க்க, நடுவரைப் பார்த்து, லைல் கை தூக்க வேண்டும். அந்தக் கையை நான் பார்க்க வேண்டும்.

மறுவாரம் டுவேன் டெஷ் போன் செய்தான். காது கேட்கும் கருவி விற்கிற கடையொன்று பணம் போட்டு நடத்துகிற அணிக்கு அவன்தான் தலைவன்; மட்டையாளனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கிற கேட்சரும் அவன்தான். லீக்கின் கடைசி இடம் அவர்களுக்கு எழுதி வைத்தது. சட்டையின் முதுகில் பெரிய காது ஒன்று வரைந்திருக்கும். இந்தக் காதுக்காரர்கள் என்ன சொன்னாலும் எதிரணிக்காரர்கள் காதில் கையை வைத்துக்கொண்டு "என்னது? கேக்கலையே!" என்பார்கள்.

"எங்ககிட்ட பந்து போட ஆள் இல்ல நார்ப். நீ வா. ஓடறதைப் பத்திக் கவலைப்படாதே, உனக்கு நாங்க ஓடறோம்."

ஓடினார்கள். முதல் ஆட்டத்தில் நான் கை தூக்கியபோது பெஞ்சிலிருந்து எழுந்து வந்தது எல்ராய். அவனுக்கு எண்பத்தொன்று. ரைட் ஃபீல்டில், மைதானத்தின் வலது கோடியில் நிற்பான். ஒன்பது வருடமாக இந்த அணியில் இருக்கிறான், ஒரு முறைகூட பிளேஆஃப் என்கிற கடைசிச் சுற்றைப் பார்த்ததில்லை. "தள்ளு தம்பி, நான் போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஒட்டகம் மாதிரி குலுங்கிக் குலுங்கி ஓடினான். எதிர் பெஞ்சில் ஹார்பர் டாப் ஆட்கள் உருண்டு சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. அதையும் லைலின் பேரில் எழுதிக்கொண்டேன்.

நான் வீசிய வீச்சில் காதுக்காரர்கள் ஜெயிக்க ஆரம்பித்தார்கள். ஜூலை முடிவில் நான்காம் இடம். முதல் நான்கு அணிகளுக்குத்தான் பிளேஆஃப். முதலிடத்தோடு நான்காமிடம் மோத வேண்டும். முதலிடம் ஹார்பர் டாப். அட்டவணை வந்த அன்று எல்ராய் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டான். நான் ராத்திரி சாப்பாட்டில் இரண்டாவது தட்டு கேட்டேன்.

அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. முழங்காலைக் காட்ட எலும்பு டாக்டரிடம் போயிருந்தேன். எக்ஸ்ரே அறையிலிருந்து கைத்தடி ஊன்றிக்கொண்டு வெளியே வந்தான் லைல். என்னைப் பார்த்ததும் தடியைப் பின்னால் மறைத்தான்.

"இடுப்பு," என்றான். "தேய்ஞ்சு போச்சாம். அக்டோபர்ல ஆபரேஷன். யார்கிட்டயும் சொல்லிடாதே நார்ப்."

"நான் ஏன் சொல்லப் போறேன்?" என்றேன். சொல்லவில்லை. மார்லிஸிடம்கூடச் சொல்லவில்லை. அவன் மானம் போக வேண்டுமென்றால் அது அவன் கையாலேயே போகட்டும்.

ஒரு மட்டையாளனுக்குப் பந்து போட விருப்பமில்லை என்றால் நடுவரிடம் சொல்லிவிடலாம், அவன் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போவான். நன்றாக அடிக்கிறவனுக்குத்தான் அப்படிச் செய்வார்கள். நான் லைலுக்குச் செய்யப் போகிறேன். ஒவ்வொரு முறையும். அவன் அடிக்கவே வேண்டாம், அடுத்தவன் அடிக்கும்போது அடுத்த பேஸுக்கு ஓடியே ஆக வேண்டும், ஓடட்டும். ஓட முடியாதபோது கை தூக்கட்டும்.

"நீ விளையாடப் போறியா, கொலை பண்ணப் போறியா?" என்று ஆட்டத்தன்று காலையில் மார்லிஸ் கேட்டாள். "கண்ணாடியில உன் மூஞ்சியப் பாரு."

"பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு."

"உன் அணியில மத்த பத்துப் பேரு இருக்காங்க, அதை மறந்துடாதே" என்றாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஏழு இன்னிங்ஸ் ஆட்டம். இரண்டாவதில் லைல் மட்டையோடு வந்தான். "அனுப்பிடுங்க" என்றேன் நடுவரிடம். லைலுக்குப் பெருமை தாங்கவில்லை. "பயந்துட்டியா நார்ப்?" என்று கேட்டபடி நடந்து போனான். அடுத்தவன் தரையோடு ஒன்று அடித்தான். லைல் இரண்டாம் பேஸை நோக்கி ஓடிய ஓட்டத்தில் பாதி வழிகூடத் தாண்டவில்லை. அவனும் அடித்தவனும் என ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். எங்கள் பெஞ்ச் ஆர்ப்பரித்தது. நான் அவன் கையைத்தான் பார்த்தேன். அது இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான்காம் இன்னிங்ஸிலும் அனுப்பினேன். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. அடுத்து வந்த அடிக்கு வேறு யாராக இருந்தாலும் மூன்றாம் பேஸுக்குப் போயிருப்பார்கள். லைல் இரண்டாவதில் குத்துக்கல்லாக நின்றுவிட்டான். பின்னால் ஓடி வந்த அவன் ஆளே அவன்மேல் முட்டிக்கொண்டு அவுட் ஆனான்.

"அடேய், உன் மூளையே மூளை!" என்று டுவேன் என் தோளில் குத்தினான். "அவனுக்குக் கால்ல ஏதோ கோளாறு. நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

"தோணிச்சு" என்றேன். லைலின் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன். ஒவ்வொரு அடிக்கும் அவன் முகம் கோணியபோது அந்தப் பின்னறைச் சிரிப்பு ஒவ்வொருவனுடையதாக என் காதிலிருந்து இறங்கிப் போனது. ஆனால் கை மட்டும் மேலே போகவில்லை.

ஏழாவது, கடைசி இன்னிங்ஸ். நாங்கள் பதின்மூன்று, அவர்கள் பன்னிரண்டு. இரண்டு பேர் அவுட். மூன்றாம் பேஸில் அவர்கள் ஆள் ஒருவன். மட்டையோடு வந்தது லைல். மட்டையைத் தரையில் ஊன்றி, அதன்மேல் சாய்ந்துதான் நடந்து வந்தான். ஒரே ஒரு அவுட், பிறகு காதுக்காரர்கள் இறுதி ஆட்டத்தில். ரைட் ஃபீல்டில் எல்ராய் முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக் குனிந்து தயாராக நின்றான்.

டுவேன் முகமூடியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தான். "இப்ப அனுப்ப வேண்டாம். இவனால இடுப்பைத் திருப்பவே முடியல. மெதுவா ஒண்ணு போடு, இங்கேயே உருட்டுவான். முடிஞ்சுது."

"அனுப்பறேன். ரெண்டாவது பேஸ்ல சுலபமா ஒரு அவுட் கிடைக்கும்."

"எதுக்கு? சுலபமான அவுட் இதோ மட்டையோட நிக்குதே!"

"பந்து போடறது நானா, நீயா?"

டுவேன் முகமூடியை மறுபடி மாட்டினான். "நீதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

அவன் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அப்போதே தெரியும். ஆனால் லைல் அவுட் ஆகிப் போய்விட்டால் கை தூக்காமலே போய்விடுவான். அக்டோபரில் ஆபரேஷன். அடுத்த வருடம் வருவானோ மாட்டானோ. "அனுப்பிடுங்க" என்றேன்.

லைல் முதல் பேஸுக்கு நடக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்ல முடியாது. நடுவர் வாட்சைப் பார்த்தார். பேஸின்மேல் ஏறி நின்றான். மூச்சு வாங்கினான். என்னைப் பார்த்தான். பிறகு வலது கையை நேராக, உச்சிவரைக்கும் தூக்கினான்.

"ரன்னர்" என்றான்.

நான் குதித்துவிட்டேன். புது முழங்காலோடு, கையை மடக்கிக் காற்றில் குத்தி, "ஆ!" என்று கத்தினேன். நான்கு மாதம் தொண்டையில் நின்றது வெளியே வந்தது.

லைலுக்குப் பதிலாகப் பெஞ்சிலிருந்து ஓடி வந்தவன் கென்னி ட்ரேகர். முதுகில் பதினேழு.

அடுத்த மட்டையாளன் என் முதல் பந்தையே லெஃப்ட் ஃபீல்டுக்குப் பின்னால் வேலிவரை அனுப்பினான். மூன்றாம் பேஸில் நின்றவன் நடந்தே வந்து சேர்ந்தான். ஆட்டம் சமம். லைலாக இருந்திருந்தால் இரண்டாவது பேஸில் உட்கார்ந்திருப்பான். ட்ரேகர் இரண்டாவதைத் தாண்டினான், மூன்றாவதைத் தாண்டினான். பந்து டுவேன் கைக்கு வரும் முன்பே என் பதினேழு சுற்றை முடித்துவிட்டது. பதினான்கு, பதின்மூன்று.

ஆட்டம் முடிந்தால் இரு அணியும் வரிசையாக வந்து கை குலுக்குவது வழக்கம். லைல் நொண்டிக்கொண்டு கடைசியில் வந்தான். என் கையைப் பிடித்து விடாமல் ஆட்டினான்.

"கை தூக்க வைக்கத்தானேடா இவ்வளவும் பண்ணினே?" என்றான். "அட மடையா! ஜெயிக்கறதுன்னா நான் ரெண்டு கையையும் தூக்குவேன். முன்னமே சொல்லியிருந்தா ஏப்ரல்லயே தூக்கிக் காட்டியிருப்பேனே!"

அவன் முகத்தில் அவமானத்தைத் தேடினேன். ஒரு துளி இல்லை. தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

எங்கள் பெஞ்சில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். டுவேன் முகமூடியையும் கையுறையையும் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான், என் பக்கம் திரும்பவில்லை. யாரோ அடுப்பில் சாஸேஜ் வாட்டினார்கள். டுவேன் ஒரு தட்டை மட்டும் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

எல்ராய் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தான். குனிய முடியாமல் இரண்டு முறை விட்டுவிட்டுப் பிடித்தான்.

"அங்கேருந்து எனக்கு ஒண்ணும் சரியாத் தெரியாது பாரு," என்றான். "நீ கையை ஆட்டிக் குதிச்சது மட்டும் தெரிஞ்சுது. ஜெயிச்சுட்டோம்னு நினைச்சு நானும் தொப்பியைக் கழட்டிட்டேன். எதுக்குப்பா குதிச்சே?"

"சும்மா" என்றேன்.