லக்ஹர்ஸ்ட் மடித்த சீட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஒரு பழைய வாக்குப் புத்தகத்திலிருந்து சுட்டேன். இங்கிலாந்தில் எங்கள் மார்ல்கோம்ப் தொகுதியில் 1868 வரை ஓட்டை ஊரறியக் கத்தித்தான் போடவேண்டும். எவன் யாருக்குக் கத்தினான் என்று அச்சடித்து விற்கவும் செய்வார்கள். அதில் அடுத்தடுத்து இரண்டு வரிகள். எஃப்ரைம் லக்ஹர்ஸ்ட், குத்தகை விவசாயி: பிரபு நிறுத்திய ஆளுக்கு. சைலஸ் லக்ஹர்ஸ்ட், அவன் தம்பி: எதிராளிக்கு. அடுத்த வசந்தத்தில் சைலஸின் குத்தகை நிலத்தை, ஊர் நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரரான பிரபு பிடுங்கிக்கொண்டார்.

1873-இல் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் குதிரையிலிருந்து விழுந்து செத்தார். இடைத்தேர்தல். இந்த முறை புதுச் சட்டப்படி ரகசிய ஓட்டு, ஆகவே புத்தகம் கிடையாது. எஃப்ரைம் என்ன செய்தான் என்று எவனுக்கும் தெரியாது. அதனாலென்ன, எழுதுகிறவன் நான். எனக்குத் தெரியாமல் போய்விடுமா?

2

தொடக்கம் அ: மழை தூறிக்கொண்டிருந்த அந்தக் காலையில்... (வேண்டாம். எங்கள் ஊரில் மழை பெய்ததைச் சொல்ல ஒரு எழுத்தாளன் எதற்கு?)

தொடக்கம் ஆ: கெசையா தன் புருஷன் எஃப்ரைமின் கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டினாள்.

"இந்தாங்க, தம்பிக்காக உங்க மனசு கெடந்து அடிச்சுக்குது, தெரியும். ஆனா நமக்கு இருக்கிறது இந்த நெலம் ஒண்ணுதான். வாயத் தொறக்காம போட்டுட்டு வாங்க."

"வாயத் தொறக்காம போடுறதெல்லாம் ஒரு ஓட்டாடி?"

ஆ-வே இருக்கட்டும். இவர்களை இனி நான் தள்ளிவிட வேண்டியதில்லை, தானாக நடப்பார்கள்.

3

பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. எஃப்ரைம் உள்ளே போய்த் தொப்பியைக் கழற்றினான், தொண்டையைச் செருமினான், கத்துவதற்கு வாயைத் திறந்தேவிட்டான்.

"யோவ், வாய மூடுய்யா!" குமாஸ்தா பதறி எழுந்தார். "பென்சில் அங்க இருக்கு. மறைவாப் போய் ஒரு பெருக்கல் குறி போடு."

(எந்தப் பெயரைக் கத்த இருந்தான்? சே! அந்தக் குமாஸ்தாவை நான் கொஞ்சம் தாமதமாகப் படைத்திருக்கலாம்.)

தடுப்புக்குப் பின்னால் எஃப்ரைம் வெகுநேரம் நின்றான். ஐந்து வருஷத்துக்கு முன் அவன் கத்தியபோது சைலஸ் கூட்டத்தில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை. குறி போட்டான், சீட்டை மடித்தான், பெட்டிக்குள் தள்ளினான்.

4

வாசலில் பிரபுவின் காரியஸ்தர் சௌடன், கையில் நோட்டோடு.

"என்னய்யா லக்ஹர்ஸ்ட், யாருக்குப் போட்ட?"

முடிவு ஒன்று: எஃப்ரைம் பொய் சொல்கிறான், நிலம் தப்புகிறது. முடிவு இரண்டு: உண்மையைச் சொல்லிவிட்டு... (கிழித்தாயிற்று. இரண்டுமே என் ஆசை, அவன் பேச்சு அல்ல.) அவன் பேசியது இது:

"போன தடவ நான் கத்தினதுல தம்பி மொகம் போன போக்கு இன்னும் கண்ணுல நிக்குதுங்கய்யா. இனிமே என் ஓட்டு என் வாயில வராது."

"நெலம் ஞாபகம் இருக்கட்டும்."

"குத்தகக்காரங்க முப்பது பேர் இருக்கோம். எவனும் வாயத் தொறக்கல. முப்பது பேரையுமா தொரத்துவீங்க?"

சௌடன் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

5

பிரபுவின் ஆள் பதினொரு ஓட்டில் தோற்றார். யார் நிலமும் போகவில்லை. நான் விடுவேனா? பேனாவோடு எஃப்ரைமின் வயலுக்கே போனேன்.

"எனக்கு மட்டும் சொல்லேன்ப்பா. வெளிய விடமாட்டேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"காரியஸ்தரும் இதையேதான் கேட்டாரு" என்றான்.

பேனாவை மூடிவிட்டேன். உங்களுக்கு ஒரு முடிவு தோன்றியிருக்கும். தோன்றியதை மடித்து உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். சௌடன் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்.