கிளைட் காரை நகர்த்திய காலை

"உட்காரேன் மெரின். தரை தேஞ்சுடப் போகுது."

"காரைப் பாக்க பைபஸ் பத்து மணிக்குத்தானே வர்றேன்னார்?"

"பத்துக்குத்தான். இதை இன்னும் எத்தனை தடவை கேப்பே?"

மெரின் உட்காரவில்லை. கெட்டிலில் கொதித்து அடங்கிய தண்ணீரை மறுபடியும் கொதிக்க வைத்தாள். நின்றபடியே அவளுடைய இடது கை மேசை விளிம்பைப் பிடித்து முன்னே தள்ளியது, பின்னே இழுத்தது. கியர் போட்டுப் பழகிய கை.

வீட்டு முற்றத்தில் இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு நின்றவை இரண்டு. ஒன்று அவளுடைய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இன்னொன்று டிரெய்லர் மேல் ஏறி உட்கார்ந்திருந்த அவள் கணவன் கிளைட்டின் அலுமினியப் படகு. போன குளிர்காலத்தில் காருக்கு நான்கு டயர், இக்னிஷன் காயில், இன்சூரன்ஸ் என்று எல்லாம் ஒரே மூச்சில் வந்து நின்றபோது, இரண்டில் ஒன்று போக வேண்டும் என்று பேச்சு வந்தது.

"படகு நிக்கும்போது ஒண்ணும் திங்காது. உன் கார் நின்னாலும் திங்குது, ஓடினாலும் திங்குது," என்றான் கிளைட்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. விலை கூடின பெட்ரோல்தான் அந்தக் காருக்கு ஆகும். அதோடு ஆயிலையும் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துக் குடிக்கும். காரை விற்க விளம்பரம் போட்டாள். போட்ட நாளிலிருந்து சரியான தூக்கம் இல்லை. பல் மருத்துவமனையில் வேலைக்கு நடுவே போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். யாராவது கூப்பிட்டாலும் கோபம், கூப்பிடாவிட்டாலும் கோபம். கடைசியில் கூப்பிட்டவர் டேரல் பைபஸ். ஹோபார்ட்டில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். கேட்டது ஒன்றே ஒன்று: எஞ்சின் குளிர்ந்து இருக்க வேண்டும், அவர் கண் முன்னால்தான் கிளப்ப வேண்டும்.

"கவலையே படாதே," என்றான் கிளைட், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "காலையிலேயே வண்டியைக் கழுவித் தெருவோரம் நிறுத்திட்டேன். படகு மறைச்சிட்டு இருந்துச்சு இல்ல?"

மெரின் கோப்பையைக் கீழே வைத்தாள். "எப்படி நிறுத்தினே? தள்ளிக்கிட்டுப் போயா?"

"எதுக்குத் தள்ளணும்? சாவி போட்டுத்தான்."

"நிறுத்தின உடனே அணைச்சுட்டியா?"

"பின்னே, பத்தடி தூரத்துக்கு விடிய விடிய ஓட விடணுமா?"

"கிளைட்! எத்தனை வருஷமா தலையால அடிச்சுக்கறேன்!"

அந்தக் காரில் இருந்தது ரோட்டரி எஞ்சின். குளிரில் கிளப்பி, சூடாகும் முன்னே அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கிவிடும். அப்புறம் லேசில் கிளம்பாது. அது தெரிந்த வீடுகளில் அந்த மாதிரிக் காரைக் கொஞ்சம் நகர்த்தக்கூட ஒருவரும் சாவியைத் தொடமாட்டார்கள். கிளைட்டிடமும் பல தடவை சொல்லியிருந்தாள். அவனோ அது மெரின் காரைக் கொஞ்சுவதற்குக் கண்டுபிடித்த சாக்கு என்று நினைத்திருந்தான்.

அவள் வெறுங்காலோடு ஓடிப்போய் உட்கார்ந்து, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்திச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பற்றவில்லை. பெட்ரோல் நாற்றம் மூக்கில் ஏறியது. பேட்டரியும் முனக ஆரம்பித்தது.

"வந்துட்டார்," என்றான் கிளைட். "பேட்டரி வீக்குன்னு சொல்லிடலாமா?"

"வாயை மூடு."

பைபஸ் காரைச் சுற்றி வந்தார், குனிந்து மோந்து பார்த்தார். "என்னம்மா, பெட்ரோல்ல முங்கிடுச்சா?"

"முங்கிடுச்சுங்க. இவர் கழுவறேன்னு பத்தடி நகர்த்திட்டார். காருக்குக் கோளாறு இல்ல. கோளாறு இவர்தான்."

"அப்போ உருட்டித்தான் கிளப்பணும்."

வெஸ்ட் ஹோபார்ட் தெருக்களில் உருட்டுவதற்குச் சரிவுக்கா பஞ்சம்? பைபஸ் இடுப்பைப் பிடித்தபடி பக்கத்து சீட்டுக்குள் இறங்கினார். கிளைட் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினான். சக்கரம் நடைபாதை ஓரத்தை விட்டு விலகியதும் கார் தானே ஓடத் தொடங்கியது.

"மெரின், பிரேக்!" என்று கத்தியபடி பின்னால் ஓடினான் கிளைட்.

எஞ்சின் ஓடாததால் பிரேக் கல்லாக இருந்தது, ஸ்டீயரிங்கும் கல்லாக இருந்தது. தெருமுனை நெருங்கிக்கொண்டே வந்தது. இரண்டாம் கியரில் கிளச்சை விட்டாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கியது. இன்னொரு குலுக்கு. பைபஸின் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது. அப்புறம் பின்னால் தெருவே நீலப் புகையில் மறைய, எஞ்சின் கத்திக்கொண்டு பற்றியது.

"இப்போ இதை அணைக்க முடியாதுங்க. சூடாகற வரைக்கும் ஓட்டணும்."

"ஓட்டுங்கம்மா, ஓட்டுங்க. நான் எங்கே போகப்போறேன்."

ஊருக்குத் தெற்கே டரூனா வரை அடக்கி ஓட்டினாள். சூடு முள் நடுவுக்கு வந்த பிறகு, பானட் ஹில் மலைப்பாதை வளைவுகளில் அடக்கவில்லை. எஞ்சின் வேகம் காட்டும் ஊசியைச் சிவப்புக் கோடு வரை ஏற விட்டாள். காருக்குள் எச்சரிக்கை மணி கூவியது. கிளைட் பக்கத்தில் இருந்தால் அந்த மணி அடிக்க விடவே மாட்டான். ஒரு வளைவு முடியும் முன்பே அடுத்த வளைவுக்கு அவள் கை தயாராக இருந்தது. ஒரு பக்கம் கடல் தெரிந்து மறைந்தது, தெரிந்து மறைந்தது. காலையிலிருந்து முதல் முறையாக அவளுக்கு மணி என்ன என்ற நினைப்பு இல்லை.

"ஏம்மா இதை விக்கறீங்க?"

"இது தின்னுக்கிட்டே இருக்குங்க."

"யார்தான் திங்கல?" என்றார் பைபஸ், கதவுக் கைப்பிடியை விடாமல்.

திரும்பி வந்தபோது கிளைட் ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றிருந்தான். பைபஸ் இறங்குவதற்கு அவன்தான் கை கொடுக்க வேண்டியிருந்தது.

"அருமையான வண்டி," என்றார் அவர். "ஆனா என் இடுப்புக்கு இது ஆகாது. உள்ளே விழறது சுலபமா இருக்கு, வெளியே வர கிரேன் வேணும்போல." கண் முற்றத்துக்குப் போனது. "அந்தப் படகு?"

"அது விக்கறதுக்கு இல்ல," என்றான் கிளைட், கேள்வி முடியும் முன்பே.

"தண்ணிக்குப் போய் ரொம்ப நாளாச்சு போலிருக்கே."

"போகும், போகும். மோட்டாரைக் கொஞ்சம் பாக்கணும். கார்புரேட்டர் அழுக்கு, அவ்வளவுதான். டிரெய்லருக்கு ரெண்டு டயர் மாத்தணும். ஆனா காலையில டெர்வென்ட் ஆத்துல இதை விட்டுப் பாருங்க, முன்பக்கம் எழும்பிக்கிட்டு ஒரு சத்தம் வரும் பாருங்க..."

சொல்லிக்கொண்டே திரும்பினான். மெரின் ஓட்டுநர் சீட்டில் இருந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணுமே சொல்லலியே," என்றாள்.

"நல்ல விலை தர்றேன்," என்றார் பைபஸ்.

கிளைட் படகின் பக்கத்தைத் தடவினான். தூசி கையில் ஒட்டியது. "இல்லைங்க."

"ரெண்டுல ஒண்ணு போகணும்னு பேசினோமே?" என்றாள் மெரின்.

"எப்போ?"

"குளிர்காலத்துல."

"குளிர்காலத்துல மனுஷன் என்னதான் பேசமாட்டான்!"

பைபஸ் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரும் முதல்ல உக்காந்து பேசுங்க. விளம்பரம் அப்புறம் போடலாம்." சிரித்துக்கொண்டேதான் போனார். தெருவில் கிடந்த செருப்பைப் போகிற வழியில் எடுத்து வேலி மேல் வைத்தார்.

எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்போ அணைக்கலாமா?" என்று கேட்டான் கிளைட், அதுவும் மெதுவாக.

"இப்போ அணைக்கலாம்," என்ற மெரின் அணைக்காமல் முதல் கியரைப் போட்டாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"ஆயில் வாங்கணும். காலையில நீ பண்ணின வேலைக்கு அரை லிட்டராவது போயிருக்கும்."

கிளைட் ஒற்றைச் செருப்போடு நொண்டியபடி ஜன்னல் பக்கம் வந்தான்.

"வரும்போது கார்புரேட்டர் கழுவற ஸ்பிரே ஒண்ணு வாங்கிட்டு வா."