பெண் மீனைப் பிரித்து வைக்க வேண்டும்

சண்டை மீன் முட்டையிட்டதும் பெண் மீனைத் தனியே பிரித்துவிட வேண்டும். விட்டால் முட்டையையும் குஞ்சையும் அதுவே தின்றுவிடும். காவல் காப்பது ஆண் மீன்தான். நுரையால் கூடு கட்டி, கீழே நழுவும் குஞ்சை வாயில் கவ்விக் கொண்டுபோய்க் கூட்டில் சேர்க்கும். வீடியோவில் ஒருவன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் வாயில் மண்ணைப் போட வேண்டும் போலிருந்தது எனக்கு.

என் மகள் தன்யஸ்ரீ பொள்ளாச்சியில் அவள் அப்பாவிடம் இருக்கிறாள். கோர்ட்டு எனக்குக் கொடுத்தது மாதம் ஒரு ஞாயிறு. போன இரண்டு மாதமும் வரமாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டாள். கொழிஞ்சாம்பாறையில் அவளுக்கு என்ன இருக்கிறது? நானும் என் அப்பா ஆறுச்சாமியும் நாலு தென்னையும்தான். அவளை வரவழைக்கவே இந்த மீன் ஜோடியை வாங்கினேன். குஞ்சு பொரித்தால் வருகிறேன் என்று போனில் சொன்னாள். வியாழக்கிழமை பொரித்தது. கூட்டுக்கடியில் இமைமுடி மாதிரி தொங்கின. அன்று முழுக்க எனக்குச் சிரிப்பாகவே வந்தது.

வெள்ளி மாலை கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் வேலை முடிந்து வந்து பார்த்தேன். கூடு கலைந்து கிடந்தது. குஞ்சு ஒன்றுகூட இல்லை. நான் பாட்டிலில் பிரித்து வைத்திருந்த பெண் மீன், வால் கிழிந்து, வயிறு புடைத்து, தொட்டி மூலையில் நின்றது.

"ஏனுங்கப்பா, இதை நீங்களா தொட்டிக்குள்ள உட்டீங்க?"

மாட்டுக்குத் தவிடு கலக்கிய கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நாந்தான் உட்டேன் அம்மணி. பெத்தவளைத் தனியா ஒரு பாட்டில்ல அடைச்சு வெச்சிருந்தே. அது குஞ்சுகளையே பாத்துட்டுக் கெடந்துச்சு. எனக்கு மனசு கேக்கலை."

வாய் வரை வந்த வசவை அடக்கிக்கொண்டேன். யாரை நினைத்து அவருக்கு மனசு கேட்கவில்லை என்று தெரியாதா எனக்கு? தன்யஸ்ரீக்குப் போன் போட்டேன். பொய் சொல்லலாம்தான். ஞாயிறன்று வந்து வெறும் தொட்டியைப் பார்த்தால் அப்புறம் எப்போதுமே வரமாட்டாள்.

"குஞ்சுகளை அம்மா மீன் தின்னுருச்சு சாமி. அப்புச்சி தெரியாம சேத்து உட்டுட்டாரு. நீ வா, மறுபடியும் பொரிக்க வெக்கலாம்."

அந்தப் பக்கம் டிவி சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்.

"அப்பா மீன்தான் நல்லாப் பாத்துக்கும்னு நீதானம்மா சொன்னே. அதுகூடவே உட்டிருந்தா எல்லாம் உசுரோட இருந்திருக்குமா?"

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருந்திருக்கும் சாமி."

"செரிம்மா," என்றாள். "அப்ப நா இங்கயே இருந்துக்கறேன்."