மூன்று முறை தட்டினோம்

ஒரு காரியத்தைச் செய்து முடித்தபின், அதைப் பற்றி உட்கார்ந்து யோசித்ததற்கும் தனியாக மதிப்பெண் போடுவார்கள் என்பது ராவியாவுக்குக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரியும். இஸ்பத் கரஸ் தெருக்களில் அந்த வசதி யாருக்கும் கிடையாது. அங்கே இடித்தது இடித்ததுதான்.

குழுவில் மூன்று பேர்: ராவியா, ஹைஸம், வஜீஹ். கெய்ரோவில் நகர அமைப்பு படிக்கும் கடைசி வருடப் பிள்ளைகள். இஸ்பத் கரஸ் என்ற நெரிசல் குடியிருப்பை எப்படி மாற்றிக் கட்டலாம் என்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. வீடு வீடாகப் போய் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, பெரிய வரைபடத்தில் வண்ணம் தீட்டினார்கள். மஞ்சள் என்றால் குடும்பம் இருக்கிறது. சாம்பல் என்றால் ஆளில்லை. படம் கண்ணைப் பறிக்கும்படி வந்துவிட்டது, அதுதான் வினையாகப் போயிற்று. அவர்களுடைய பேராசிரியர் டாக்டர் ஷவ்கத் அதைத் தனக்கு வேண்டிய அதிகாரி ஒருவரிடம் காட்டினார். சொந்தமாக ஆள் அனுப்பி எண்ணுகிற சிரமம் மிச்சம் என்று அதிகாரி அந்தப் படத்தையே ஹஸ்ர் ஆக்கிவிட்டார்.

ஹஸ்ர் என்றால் கணக்கெடுப்பு. இடிபடப் போகிற தெருவில் அந்தச் சொல்லைத் தவிர வேறு பேச்சு இருக்காது. ஹஸ்ரில் இருக்கிறவனுக்குப் பாலைவனத்துப் பக்கம் புதிய குடியிருப்பில் ஒரு வீடு. இல்லாதவன் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது போக வேண்டியதுதான்.

உம்மு ஷஹாதா ஹஸ்ரில் இல்லை.

கணக்கெடுத்த அன்று அவள் கதவைத் தட்டியவர்கள் ஹைஸமும் வஜீஹும். பெண்பிள்ளை சந்து சந்தாக அலைய வேண்டாம் என்று ராவியாவைத் தெருமுனையில் மர நிழலில் உட்கார வைத்து, வண்ணப் பென்சில்களைக் கையில் கொடுத்திருந்தார்கள். வெயிலில் காயாமல் தப்பித்தோம் என்று அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

ஹைஸம் நல்ல குடும்பத்துப் பையன். அடுத்தவர் வாசலில் மூன்று முறை தட்ட வேண்டும், பதில் இல்லையென்றால் முகம் சுளிக்காமல் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன். அப்படியே செய்தான். உள்ளே உம்மு ஷஹாதா இருந்தாள். தெற்கே ஸோஹாக் பக்கத்துப் பெண். கணவன் இறந்து, விதவை வீட்டோடு இருக்க வேண்டிய துக்க காலமான இத்தாவில் இருந்தாள். இத்தா முடியும்வரை அந்நிய ஆண் முன்னால் வரக் கூடாது, குரல்கூடக் கொடுக்கக் கூடாது என்பது அவள் வளர்ந்த முறை. அவளும் அப்படியே செய்தாள். எதிர்க் கடைக்காரரைக் கேட்டதற்கு, "வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துட்டாரு, நீங்க நல்லா இருங்க தம்பிங்களா" என்றார். மகன் லிபியாவுக்குப் போனவன், வருடக்கணக்காகத் தகவலே இல்லை என்றும் சொன்னார். மனைவியைப் பற்றி மூச்சு விடவில்லை. அடுத்தவன் வீட்டுப் பெண் பேச்சை இரண்டு வாலிபர்களிடம் எடுப்பது மரியாதை இல்லையே.

இப்படி ஆளாளுக்கு மரியாதை பார்த்து, உயிரோடிருந்த ஒரு மனுஷியை இல்லாமல் ஆக்கினார்கள். ராவியா சாம்பல் பென்சிலை எடுத்து அந்தச் சின்னக் கட்டத்தைக் கோடு தாண்டாமல் நிரப்பினாள்.

போன வாரம் புல்டோசர் வந்தபோது மூன்று பேரும் புகைப்படம் எடுக்கப் போயிருந்தார்கள். அறிக்கையில் 'முன்பு', 'பின்பு' என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டால் எடுப்பாக இருக்கும் என்றான் வஜீஹ். சுவர் அதிர்ந்ததும் கதவு திறந்தது. வாசல் தாண்டக் கூடாத பெண், கறுப்புத் துணியில், வெறுங்காலோடு, தெரு முழுக்க ஆண்கள் நிற்கிற நடுத்தெருவுக்கு ஓடி வந்தாள்.

"நான் உள்ளேதான் இருக்கேன்! தட்டினது எனக்குக் கேட்டுச்சு! ஆம்பிளைங்க குரல். நான் எப்படி வாயத் திறப்பேன்?"

பொறுப்பில் இருந்தவர் படத்தைப் பார்த்தார். "இங்க ஆளில்லன்னு இருக்கேம்மா" என்றார், அவளைப் பார்த்தே. அக்கம்பக்கத்தார் சாட்சி சொல்ல வந்தார்கள். வீடு கிடைக்கிறதென்றால் எல்லாரும் எல்லாருக்கும் சாட்சி சொல்வார்கள், அது செல்லாது என்றுவிட்டார். படம் போட்டவர்களே தப்பு என்று எழுதி, கல்லூரி முத்திரையோடு கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். வியாழக்கிழமை சாவி கொடுப்பார்கள், அதற்கு முன்னால் வர வேண்டும். ராவியா மறுநாளே தன் கைப்பட எழுதிக் கொண்டுபோனாள். முத்திரை எங்கே என்று கேட்டு, பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இன்று புதன். இன்றுதான் டாக்டர் ஷவ்கத் முன்னால் உட்கார்ந்து, இந்த வேலையில் என்ன கற்றுக்கொண்டோம் என்று பேச வேண்டிய நாள். கையெழுத்து வாங்க ராவியாவுக்கு இருக்கிற ஒரே நாளும் இதுதான்.

தாழ்வாரத்திலேயே ஆரம்பித்தாள். "ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. டாக்டர் முத்திரை போட்டா விஷயம் முடிஞ்சிடும்."

ஹைஸமின் முகம் வெளிறிப் போயிருந்தது. ஒரு வாரமாக அவன் சரியாகத் தூங்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. "நான் என்ன, கதவ உடைச்சுக்கிட்டா உள்ள போறது? மூணு தடவ தட்டினேன், திரும்பிட்டேன். எங்கம்மா அப்படித்தான் வளர்த்தாங்க."

"நீ ரொம்ப நல்ல பிள்ளை, பாஷா" என்று ஹைஸமைச் சீண்டினான் வஜீஹ். "கொஞ்சம் கெட்டவனா இருந்து நாலாவது தடவ தட்டியிருந்தா, அந்தம்மாவுக்கு இப்ப வீடு இருந்திருக்கும்."

"வாய மூடுடா. நீயும்தானே பக்கத்துல நின்ன?"

"நின்னேன். உன்னவிட நல்ல பிள்ளை நான், தட்டக்கூட இல்ல."

சிரிப்பு வரவில்லை யாருக்கும். ஆனாலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ராவியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைத்தாள், பாவம்.

டாக்டர் ஷவ்கத் கடிதத்தை முழுக்கப் படித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு வீடு தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா, மத்த வீடெல்லாம் சரின்னு எப்படிம்மா நம்புவாங்க? நாளைக்கு ஊரே வந்து வாசல்ல நிக்கும். அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்கு இந்த மாதிரி வாய்ப்பு யார் குடுப்பா?"

"டாக்டர், அந்தம்மா பக்கத்து வீட்டுப் படிக்கட்டுல படுத்திருக்காங்க. இத்தாவுல இருக்கிறவங்க. போற வர்ற ஆம்பிளைங்க எல்லாம் தாண்டித் தாண்டிப் போறாங்க."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு மகளே." உண்மையாகவே கஷ்டப்பட்டார். "ஆனா பாரு, நீங்க கண்டுபிடிச்சிருக்கிறது எவ்வளவு பெரிய பாடம்! தட்டப் போனவங்கள்ல பொம்பளை இல்லாததால ஒரு வீடே விட்டுப்போச்சு. இத நான் பாடத்துல சொல்லித்தர முடியுமா? கடிதம் வேண்டாம். அறிக்கையில கடைசிப் பகுதி இருக்கில்ல, 'கற்றுக்கொண்டவை', அதுல எழுதுங்க. விரிவா எழுதுங்க."

கடிதத்தை மடித்துத் தன் மேஜை இழுப்பறையில் வைத்து மூடினார்.

எழுதினார்கள். வஜீஹ் தட்டச்சு செய்தான், ஹைஸம் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். களப்பணிக் குழுவில் பெண் உறுப்பினர் வாசல்வரை செல்வது இன்றியமையாதது. உள்ளூர் வழக்கங்களை அறிந்திருத்தல் அவசியம். படிக்க நன்றாகவே இருந்தது.

"அவங்க பேரப் போடு" என்றாள் ராவியா. "அதையாவது போடு."

டாக்டர் மெதுவாக மறுத்துத் தலையசைத்தார். "ஆய்வுல ஆளோட பேரப் போடக் கூடாதும்மா. அது அவங்க அந்தரங்கம். அதக் காப்பாத்தறது நம்ம கடமை."

'ஒரு விதவை' என்று தட்டினான் வஜீஹ். முழு மதிப்பெண் கிடைத்தது. இவ்வளவு நேர்மையான சிந்தனையை இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை என்று டாக்டர் மற்ற குழுக்களுக்கும் வாசித்துக் காட்டினார். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ராவியா அங்கிருந்து நேராக இஸ்பத் கரஸுக்குப் போனாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். இன்னும் இடிபடாத பக்கத்து வீட்டில், படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டிக்கொண்டு உம்மு ஷஹாதா உட்கார்ந்திருந்தாள். ராவியா திரையை விலக்கியதும் எழுந்து நின்றாள்.

"இஞ்சினியரம்மா! என்னை எழுதிட்டாங்களா?"

ராவியா ஆரம்பித்தாள். "உங்களப் பத்தி எழுதியாச்சு அம்மா, ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வர இருந்ததை யாரும் கேட்கவில்லை. "எழுதிட்டாங்களாம்! அடியே நஜாத், என்னை எழுதிட்டாங்களாம்!" மேல்மாடியிலிருந்து வீட்டுக்கார நஜாத் தடதடவென்று இறங்கி வந்தாள். இரண்டு மாடிக் கதவுகள் திறந்தன. பெண்கள் வாழ்த்துச் சொன்னார்கள். யாரோ ராவியாவின் கையில் சர்க்கரை தூக்கலான தேநீரைத் திணித்தார்கள். துக்க வீடென்பதால் குலவை போட முடியவில்லையே என்று நஜாத்துக்கு வருத்தம்.

"உன் வயித்துல நல்ல பிள்ளைங்க பிறக்கணும்டி மகளே" என்று உம்மு ஷஹாதா ராவியாவின் இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பசங்களுக்கும் சொல்லு. நான் அவங்க மேல கோபமா இல்ல. பாவம், மரியாதையாத்தான் தட்டினாங்க."

சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும். ராவியா தேநீரைக் குடித்தாள். தன்னைப் போல ஒரு கோழை இந்தக் கெய்ரோவில் இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது, தோன்றியும் வாய் திறக்கவில்லை.

நாளைக் காலையில் சாவி கொடுக்கும் இடத்துக்கு முதல் ஆளாகப் போய்விட வேண்டும் என்று உம்மு ஷஹாதா மூட்டை கட்ட ஆரம்பித்தாள். இடிபாட்டிலிருந்து பொறுக்கி எடுத்த இரண்டு தலையணை, ஒரு அலுமினியப் பானை, செத்துப்போனவரின் சட்டை. எல்லாவற்றையும் போர்வையில் வைத்துச் சுருட்டிக் கயிறு போட்டாள். அவளால் ஒரு கையால் இறுக்க முடியவில்லை.

"இந்த முனையக் கொஞ்சம் பிடிம்மா."

ராவியா பிடித்தாள்.

"நல்லா இழு. தூரமாப் போற மூட்டை, வழியில அவுந்துடக் கூடாது."

அவள் பலங்கொண்ட மட்டும் இழுத்து முடிச்சுப் போட்டாள்.