சப்ஜா ஊறிய கிண்ணம்

குடித்து முடித்து வாயைத் துடைத்த பிறகுதான் பார்த்தேன். நான் ஊறவைத்திருந்த சப்ஜா, தண்ணீர் ஜாடிக்குப் பின்னால் வைத்தது வைத்தபடி இருந்தது. கறுப்பு விதைகள் உப்பி, கிண்ணம் நிறைய. அப்படியானால் நான் குடித்தது எது?

கையிலிருந்த கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்தது. அதில் அரிசி நொய் அளவுக்கு ஒரு பழுப்புத் துண்டு, தலையில்லாமல், மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் அப்துல் லத்தீப் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். விருத்தாசலத்தில் மற்ற வாத்தியார்கள் டியூஷன் எடுத்துக்கொண்டிருக்க, இவர் மணிமுத்தாற்றில் கல்லைப் புரட்டித் தட்டைப்புழு பிடித்து வருவார். பிளேடால் வெட்டுவார். ஒவ்வொரு துண்டும் தலையும் வாலுமாக முழுப்புழுவாக வளர்ந்துவிடும். அதோடு விட்டாரா? பேட்டரிக் கட்டையிலிருந்து ஒயர் இழுத்து, துண்டுகளுக்கு லேசாக மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார். தலை எங்கே முளைக்க வேண்டும், வால் எங்கே முளைக்க வேண்டும் என்பதில் உடம்பில் ஓடும் மின்சாரத்துக்கும் பங்கு இருக்கிறதாம். அதைத் திருப்பிவிட்டால் வால் வர வேண்டிய இடத்திலும் தலை வருமாம். இதைச் சொல்லும்போது, பெருநாள் பிறை கண்டவர் மாதிரி அவர் முகம் இருக்கும்.

அந்த எழுபத்தொன்றாம் வருஷத்துக் கத்திரி வெயிலில், கல்லூரியின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் புழுக்கள் கரைந்து செத்தன. மிச்சம் இருந்தவை எங்கள் வீட்டுக்கு வந்தன. ஜாடிக்குப் பின்னால் இருந்த குளிர்ந்த இருட்டு மூலைதான் அவற்றுக்கு இடம். நானும் சப்ஜாவை அங்கேதான் வைப்பேன். கிண்ணங்களும் ஒரே மாதிரிதான். பக்கத்து வீட்டுக் காசியம்மாள் பீங்கான் கம்பெனியிலிருந்து வாங்கி வந்து தரும் செகண்ட்ஸ், கொஞ்சம் கோணல், மெருகில் கரும்புள்ளி. இந்த ஊரில் ஊறுகாய் போடுவதும் அதில்தான், குழந்தைக்குச் சோறு பிசைவதும் அதில்தான், எங்கள் வீட்டில் புழு வளர்ப்பதும் அதில்தான். சூட்டுக்கு நல்லதென்று கண்ணை மூடிக்கொண்டு மடக்மடக்கென்று குடித்துவிட்டேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது.

எனக்கு அப்போது ஏழாம் மாசம். முன்னால் தரித்த இரண்டும் தங்கவில்லை.

தொண்டையில் விரலை விட்டேன். எச்சில்தான் வந்தது. சத்தம் கேட்டுக் காசியம்மாள் ஓடிவந்தாள்.

"என்னாக்கா, ஏழு மாசத்துல கூடவா வாந்தி?"

சொன்னேன். அவள் சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவளோ என் வயிற்றையே பார்த்தாள். பிறகு கிண்ணத்தில் ஒரு கை உப்பைக் கொட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்கக்கா. சாருகிட்ட கூட வேணாம்."

வாயில் போனது குடலுக்குத்தான் போகும், கருப்பைக்குப் போகாது என்று பத்தாவது படித்த எனக்குத் தெரியாதா? தெரியும். பயத்துக்குத் தெரிய வேண்டுமே. பகல் முழுக்க வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு துண்டு இரண்டாகிறது, இரண்டு நாலாகிறது. ஓதிக்கொண்டே இருந்தேன், ஓதுவது நடுவில் மறந்து மறந்து போனது.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றியதும் நேராக மூலைக்குப் போனார்.

"பானு, இங்க ஒரு கிண்ணம் இருந்துச்சே?"

"எது?"

"ரெண்டு தலை வந்துச்சே, அது. நேத்துதான் பார்த்தேன். இன்னைக்கு உனக்குக் காட்டலாம்னு இருந்தேன்."

கவிழ்த்து வைத்திருந்த கிண்ணத்தைக் காட்டினேன்.

"குடிச்சிட்டேங்க. சப்ஜான்னு நெனச்சு."

அவர் முகத்தில் முதலில் வந்தது புழு போன துக்கம். அந்த ஒரு நொடி அவரை வெறுத்தேன். அப்புறம் என் வயிற்றைப் பார்த்தார். அப்புறம் சத்தமாகச் சிரித்தார், தேவைக்கு மேல் சத்தமாக.

"அட பைத்தியமே! வயித்துல இருக்குற அமிலத்துல அதுங்க நிமிஷம் தாங்காது. ஆத்துல மீனு இதுங்கள முழுங்கலியா?"

"சரி. ஆனா கரண்டு எல்லா உடம்புலயும் ஓடுதுன்னீங்களே. புள்ள உடம்புலயும் ஓடுதா?"

"ஓடும்."

"அது திரும்பிடுச்சுன்னா?"

"அதெல்லாம் புழுவுக்கு, பானு."

"புள்ளைக்கு ஆவாதுன்னு யாராவது பார்த்திருக்காங்களா?"

படித்த மனுஷர், பொய் சொல்ல வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

அப்போது குழந்தை அசைந்தது. அவருடைய இரண்டு கைகளையும் இழுத்து என் வயிற்றின் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டேன். தைரியம் சொல்லட்டும் என்றுதான் வைத்தேன். இடப்பக்கம் ஓர் உதை. அதே நேரத்தில், அதே பலத்தோடு, வலப்பக்கமும் ஒன்று.

"ஒண்ணு கை, ஒண்ணு காலு," என்றார்.

சொல்லிவிட்டு, கைகளை மெல்ல எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.