தவிடு போடாத செவ்வாய்க்கிழமை

இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் பஞ்சலிங்கம் மனைவியின் கறியைப் புகழ்ந்தது அன்றுதான் முதல் தடவை.

"இஞ்சேர், இண்டைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு நல்லாயிருக்கு. இன்னும் கொஞ்சம் விடு."

சிவக்கொழுந்து அகப்பையோடு அப்படியே நின்றாள். சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. அதே கத்தரிக்காய், அதே தேங்காய்ப்பால், அதே கை. மாறியிருந்தது தூள் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை திரித்துக்கொண்டு வந்த புதுத்தூள். டின்னைத் திறந்து மூக்கருகில் பிடித்தாள். மல்லி, சீரகம், வறுத்த கறிவேப்பிலை எல்லாம் முறையாக வந்தன. கடைசியாக, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, கூனி இறால் வந்தது.

நல்லகாலம், மீனோ இறைச்சியோ தொடாத அவள் இன்னும் சாப்பிடவில்லை. குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். பஞ்சலிங்கம் சோற்றுக் கோப்பையை நீட்டியபடியே இருந்தார்.

யாழ்ப்பாணத்தில், அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய புகையிலைக் கொட்டில் இருந்தது. அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, யுத்தகாலம். மின்சாரம் நின்று இரண்டு வருடமாகியிருந்தது. மண்ணெண்ணெயை மருந்துபோல அளந்துதான் வாங்கவேண்டும். வீட்டு உரலில் இடித்து இடித்துக் கை காய்த்துப்போன பத்துப் பெண்கள் சேர்ந்து அந்தக் கொட்டிலை எடுத்திருந்தார்கள். உள்ளே ஒரு மில். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினைப் பட்டி போட்டு இணைத்து அதை ஓட்டினார்கள். வறுக்க ஒரு பெரிய அடுப்பு, காயப்போட ஒரு சீமெந்துத் தரை, பொலித்தீன் பையின் வாயை விளக்குச் சுடரில் காட்டி ஒட்ட ஒரு மேசை. எவராலும் தனியாக வாங்க முடியாதவை, பத்துப் பேருக்கும் பொதுவாக இருந்தன.

ஒருத்தி பனங்கிழங்கைக் காயவைத்து ஒடியல் மா திரித்தாள், ஒருத்தி சத்துமா. சிவக்கொழுந்து தன் தூள் பைகளில் 'சுத்த சைவம்' என்று கையாலேயே எழுதி ஒட்டி, சைக்கிளில் வீடு வீடாகக் கொடுத்தாள். குருநகரில் இருக்க முடியாமல் இடம்பெயர்ந்து வந்த ஸ்ரெல்லா, கூனி இறாலை வறுத்துச் சம்பல் தூள் செய்தாள். கூனி திரித்தபின் இரண்டு கொத்து அளவு தவிட்டை மில்லில் ஓடவிட்டுக் கல்லைச் சுத்தமாக்க வேண்டும் என்பது கொட்டிலின் சட்டம். அதைக் காப்பாற்றும் பொறுப்பு மில் ஓட்டுகிற தம்பிஐயாவுடையது.

சிவக்கொழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கொட்டிலுக்கு, அவரிடம் போனாள்.

"அண்ணை, செவ்வாய்க்கிழமை கூனிக்குப் பிறகு தவிடு போட்டனீங்களோ?"

"போடாமல் விடுவனே?"

"சத்தியம் பண்ணுங்கோ."

தம்பிஐயா கூரையைப் பார்த்தார். "சத்தியமெல்லாம் எதுக்குப் பிள்ளை? மண்ணெண்ணெய் அடியிலை கிடந்தது. தவிட்டுக்கு ஓடவிட்டிருந்தால் உங்கடை தூள் பாதியிலை நிண்டிருக்கும். உங்களை நினைச்சுத்தான் செய்தனான். கல்லைத் துணியாலை நல்லாத் துடைச்சும் விட்டனான்."

"என்ன துணி?"

அவர் தோளில் கிடந்த சால்வையை மெதுவாக இழுத்து முதுகுப் பக்கம் விட்டார்.

அடுப்படியில் நின்ற ஸ்ரெல்லா ஓடிவந்தாள். "அக்கா, பிழை என்னிலைதான். தவிடு போடுமட்டும் நான் நிண்டு பாத்திருக்கவேணும்."

"நீ சும்மா இரு பிள்ளை. உன்ரை கூனி தானாய் நடந்துவந்து என்ரை தூளுக்குள்ளை விழேல்லை." சொல்லிவிட்டுத் தன் தலையில் கை வைத்துக்கொண்டு சாக்கில் உட்கார்ந்தாள். "நேற்று எட்டு வீட்டுக்குக் குடுத்திட்டன். எட்டும் சைவம்."

"அப்ப போய்த் திருப்பி வாங்குவம். நானும் வாறன்."

"நீ எதுக்கு?"

"ஆராவது ஏசினால் பங்குபோட ஆள் வேணுமெல்லே."

இரண்டு பெண்களும் போன கிழமை திரித்து விற்காமல் மிச்சமிருந்த நல்ல தூள் பைகளைக் கட்டிக்கொண்டு வெயிலில் புறப்பட்டார்கள். ஏச்சை எதிர்பார்த்துத்தான் போனார்கள். நடந்தது வேறு.

மருதனார்மடத்தில் ஏரம்பு மாஸ்ரர் வீடு. சனிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயருக்கு விரதம் இருப்பவர். முட்டை வாங்குகிறவர்களோடுகூட அளவாகத்தான் கதைப்பார். சிவக்கொழுந்து நடந்ததைச் சொல்லி முடிக்க, அவர் கண்ணை மூடி "சிவசிவா" என்றார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"தெரியாமல் நடந்ததைக் கடவுள் பொறுப்பார்."

"ஓம் மாஸ்ரர். மிச்சத் தூளைத் தாங்கோ, வேறை பை தாறன்."

"அது முடிஞ்சுபோச்சு."

"அரைக்கிலோவும் ஒரு நாளிலையோ?"

"விருந்தாள்கள் வந்தவை."

உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் கேட்டது: "இஞ்சேருங்கோ, அந்தத் தூள் பையை எங்கை கொண்டுபோய் வைச்சனீங்கள்? மரவள்ளிக் கறிக்குப் போடவேணும்."

மாஸ்ரர் பலமாக இருமினார். ஸ்ரெல்லா சைக்கிள் மணியைத் துடைக்கத் தொடங்கினாள். சிவக்கொழுந்து மாற்றுப் பையை அழுத்தமாக அவர் கையில் வைத்துவிட்டு வந்தாள். தெருமுனை தாண்டியதும் இருவரும் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

எட்டு வீட்டில் ஐந்து வீட்டில் தூள் 'முடிந்து'போயிருந்தது. ஒரு வீட்டில் பூனை கொட்டிவிட்டது என்றார்கள். அங்கே பூனையே இல்லை.

கடைசி வீடு கொக்குவிலில், அருந்ததியக்கா வீடு. அங்கே சிரிப்பு வரவில்லை. கணவரை இழந்த பிறகு ஒருநேரச் சாப்பாட்டோடு இருப்பவள் அவள். கேட்டு முடிந்ததும் உள்ளே போனாள். பையைக் கொண்டுவந்து கொடுத்தாள், பாதிதான் இருந்தது. பிறகு கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் வார்க்கும் சத்தம் கேட்டது. வாளி வாளியாக வார்த்தாள். சிவக்கொழுந்தும் ஸ்ரெல்லாவும் முற்றத்தில் தலை குனிந்து நின்றார்கள்.

ஈரத்தலையோடு வந்த அருந்ததி ஸ்ரெல்லாவைப் பார்த்தாள். "கூனிக்காரி நீதானோ?"

"ஓம் அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிஞ்சிராது. நல்ல ருசி எண்டுதான் நினைச்சனான்." முந்தானையால் தலையைத் துவட்டினாள். "வெய்யிலுக்கை வந்து சொன்னியள். அது போதும். அடுத்த தூள் திரிக்கேக்கை நான் பக்கத்திலை நிண்டு பாப்பன்."

மறுநாள் கொட்டிலில் பத்துப் பேரும் கூடினார்கள். தான் இனி வீட்டு உரலிலேயே இடிக்கப்போவதாக ஸ்ரெல்லா சொன்னாள். சிவக்கொழுந்துக்குக் கோபம் வந்தது.

"உரலிலை இடிக்கிறதெண்டால் எங்களுக்குக் கொட்டில் எதுக்கு? இண்டைக்கு நீ போவாய், நாளைக்கு மிளகாய் காரமெண்டு ஒடியல்காரி போவாள். பிறகு மில்லைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு தம்பிஐயா அண்ணை மட்டும் இருப்பார்."

நெடுநேரம் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். திங்கள் தொடக்கம் வெள்ளி வரை சைவம். சனிக்கிழமை கடைசியாகக் கூனி. பிறகு மில்லைக் கழற்றிக் கல்லைச் சுடுதண்ணீரில் கழுவி, ஞாயிறு முழுக்க வெயிலில் காயவிடுவது. தவிட்டுக்குச் செலவான மண்ணெண்ணெயும் மிச்சமானது. இதை முன்னமே ஏன் யோசிக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. தம்பிஐயா மட்டும், தான் யோசித்து வைத்திருந்ததாகச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை அருந்ததி சொன்னபடியே கொக்குவிலிலிருந்து வந்து மில்லுக்குப் பக்கத்தில் நின்றாள். தூளைப் பார்க்க வந்தவள் அடுப்பைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், விளக்கில் பை ஒட்டுகிறதைப் பார்த்தாள். போகும்போது சிவக்கொழுந்திடம் கேட்டாள்:

"நான் வீட்டிலை வடகம் போடுறனான். உளுந்து அரைக்கத்தான் கையிலை பலமில்லை. இஞ்சை பதினோராவது ஆளுக்கு இடமிருக்கோ?"

சிவக்கொழுந்து பதில் சொல்லுமுன் ஸ்ரெல்லா பாயை உதறி விரித்து, வடகம் காயவைக்க வெயில் படுகிற பக்கமாக ஒரு மூலையைக் காட்டினாள்.